எலினோர் ஏன் எட்டே வாரத்தில் மறுமணம் செய்துகொண்டார்?

கேள்வி இதுதான்: "12-ஆம் நூற்றாண்டில் அக்கித்தேன் நாட்டு எலினோர் பிரான்ஸ் அரசர் ஏழாம் லூயியோடு 15 வருஷம் வாழ்ந்தார். மணமுறிவு ஆன எட்டே வாரத்தில், பின்னாளில் இங்கிலாந்து அரசரான ஹென்றியை மணந்தார். காதல் காரணமா? இல்லை, நடத்தை சரியில்லை என்று லூயிதான் அவரைத் தள்ளிவைத்தாரா?"

இரண்டும் இல்லை என்பது என் பதில். ஒரு வரியில் விட்டுவிடக்கூடிய விஷயமில்லை இது; கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். எலினோரைப் பற்றிப் பல நூற்றாண்டுகளாகக் கதைமேல் கதையாகச் சேர்ந்துகொண்டே வந்திருக்கிறது. காதலர்கள், விஷக் கிண்ணம், காதல் வழக்குகளுக்குத் தீர்ப்பு சொன்ன சபை என்று எதைத் தொட்டாலும் ஒரு கதை உண்டு. இவற்றையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, "அக்கித்தேன் இப்போது யார் கையில் இருக்கிறது, அடுத்து யாருக்குப் போகும்?" என்ற ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு அவர் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து பாருங்கள். குழப்பமாகத் தெரிந்த பல முடிவுகளுக்குக் காரணம் தெரியவரும்.

முதலில் அந்த நிலம். லுவார் ஆற்றுக்குத் தெற்கிலிருந்து பிரனீஸ் மலைவரை பரந்து கிடந்த நாடு அக்கித்தேன். வடக்கில் புவாத்தியே நகரம், தெற்கில் போர்தோ துறைமுகம், மேற்குக் கடலோரம் முழுக்க உப்பளங்கள், உள்ளே திராட்சைத் தோட்டங்கள். பிரான்ஸ் அரசர் பெயருக்கு எல்லோருக்கும் மேலானவர். அவர் நேரடியாக ஆண்டு வரி வாங்கிய பகுதியோ பாரிஸையும் ஓர்லேயானையும் சுற்றிய ஒரு சின்னத் துண்டு. அதைவிடப் பல மடங்கு பெரிய நிலம் அக்கித்தேன் பிரபுவிடம் இருந்தது. அங்கேயும் லூசிஞான், அங்குலேம் மாதிரியான குடும்பங்கள் அவரவர் கோட்டையில் உட்கார்ந்துகொண்டு யாருக்கும் எளிதில் பணிய மாட்டார்கள். தெற்குப் பகுதியில் மொழியே வேறு, ஓக்சித்தான். எலினோரின் தாத்தா ஒன்பதாம் கியோம் அந்த மொழியில் பாட்டுக் கட்டியவர். பெயர் தெரிந்து, பாடல்களும் இன்றைக்கு நம் கையில் கிடைக்கிற முதல் துருபதூர், அதாவது ஓக்சித்தான் மொழிப் பாட்டுக் கவிஞர், அவர்தான்.

எலினோர் பிறந்தது 1122 அல்லது 1124. ஒரே தம்பி சிறுவயதிலேயே இறந்துவிட்டான். ஏறக்குறைய அதே சமயத்தில் தாயும் போய்விட்டார். தந்தை பத்தாம் கியோம் 1137-இல் சந்தியாகோ கோவிலுக்கு யாத்திரை போன இடத்தில், ஏப்ரல் 9, பெரிய வெள்ளி அன்று காலமானார். மிச்சம் இருந்தது எலினோரும் தங்கை பெத்ரோனில்லாவும். ஆக, 13 அல்லது 15 வயதுப் பெண் அக்கித்தேன் முழுவதற்கும் வாரிசு.

வாரிசாக நிற்கும் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது மேலாண்டையின், அதாவது அந்த நிலத்தின்மேல் மேலதிகாரம் உள்ளவரின், உரிமை என்பது அன்றைய வழக்கம். மேலாண்டை பிரான்ஸ் அரசர் ஆறாம் லூயி. உடல் பெருத்து, வயிற்றுப்போக்கில் படுக்கையாகக் கிடந்தவர். செய்தி வந்ததும் அவர் நாள் கடத்தவில்லை. 17 வயது மகன் லூயியை ஐந்நூறு குதிரை வீரர்களோடு, ஆலோசகரான சான் தெனி மடத் தலைவர் சூஜேயையும் துணைக்குச் சேர்த்து போர்தோவுக்கு அனுப்பினார். ஜூலை 25 அன்று அங்கே திருமணம். ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 1-ஆம் தேதி, பெரியவர் இறந்துபோக, அந்தச் சிறுமி பிரான்ஸின் அரசியானார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். திருமணத்தால் அக்கித்தேன் பிரான்ஸ் அரச நிலத்தோடு கரைந்துவிடவில்லை. லூயி அதை ஆளலாம், தன்னை அக்கித்தேன் பிரபு என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் மனைவி வழியாகத்தான். இருவருக்கும் மகன் பிறந்தால் இரண்டு நிலமும் அவனிடம் ஒன்றுசேரும். பிறக்காவிட்டால் அக்கித்தேன் எலினோரோடு போய்விடும். முதல் திருமணம் முழுவதையும் தீர்மானித்தது இந்த ஒரு சங்கதிதான்.

அந்தத் திருமணத்திலிருந்து ஒரு பொருள் இன்றும் மிஞ்சியிருக்கிறது. எலினோர் கையில் இருந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் நமக்கு மிஞ்சியது ஏறக்குறைய இது ஒன்றுதான். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு ஸ்படிகக் குடுவை. ஓர் அடிக்குச் சற்று அதிக உயரம். பேரிக்காய் வடிவம். ஒரே ஸ்படிகக் கல்லைக் குடைந்து, வெளிப்புறம் தேன்கூடு மாதிரி சின்னச் சின்னக் குழிகளாகச் செதுக்கியிருக்கிறார்கள். கழுத்திலும் அடியிலும் தங்க முலாம் பூசிய வெள்ளியும் மணிகளும் பிற்பாடு சூஜே சேர்த்தவை. அடியில் லத்தீனில் அவர் பொறித்து வைத்த வரியின் பொருள் இது: இந்தக் குடுவையை மணப்பெண் லூயி அரசருக்குத் தந்தாள், மித்தாதோலஸ் அவள் பாட்டனுக்குத் தந்தான், அரசர் எனக்குத் தந்தார், சூஜே புனிதர்களுக்குத் தந்தான். மித்தாதோலஸ் என்பது ஸ்பெயினில் சரகோசாவை ஆண்ட இமாத் அல்-தவ்லா என்ற முஸ்லிம் அரசராக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தாத்தாவுக்கு ஒரு முஸ்லிம் அரசர் கொடுத்த பரிசை, கல்யாணத்தன்று பேத்தி கணவர் கையில் கொடுத்திருக்கிறாள். அவரோ தன் ஆசானுக்கு நிகரான சூஜேக்குக் கொடுத்துவிட்டார். பின்னாளில் மணம் முறிந்தபோது அக்கித்தேன் திரும்பி வந்தது, குடுவை வரவில்லை.

லூயி கெட்டவர் இல்லை. இதை அழுத்திச் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் எலினோரை உயர்த்துவதற்காக லூயியை அசடாக்குவது பலருக்கும் வழக்கமாகிவிட்டது. அவர் அரசராக வளர்க்கப்பட்டவரே இல்லை. பட்டத்துக்கு உரிய அண்ணன் பிலிப் 1131-இல் பாரிஸ் தெருவில் குதிரையில் போனபோது ஒரு பன்றி குறுக்கே ஓட, குதிரை இடறி விழுந்து இறந்தான். அதுவரை மடத்துப் படிப்புக்கென்று ஒதுக்கி வைத்திருந்த தம்பி திடீரென்று இளவரசர் ஆக்கப்பட்டார். ஜெபமும் நோன்பும் அவரை விட்டுப் போகவில்லை. "நான் மணந்தது அரசரை அல்ல, ஒரு துறவியை" என்று எலினோர் சொன்னதாக நியூபர்க் வில்லியம் என்ற வரலாற்றாசிரியர் அரை நூற்றாண்டு கழித்து எழுதுகிறார். அதே லூயி மனைவிமேல் ஏறக்குறைய ஒரு குழந்தையைப்போல் ஆசை வைத்திருந்தார் என்று, அவர்கள் காலத்திலேயே வாழ்ந்த சால்ஸ்பரி ஜான் எழுதியிருக்கிறார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

முதல் பத்து வருஷத்தில் நிறைய நடந்தது. தங்கை பெத்ரோனில்லா ஏற்கெனவே மணமான ராவுல் என்ற பிரபுவை விரும்ப, அவர் முதல் மனைவியை விலக்க, அந்த மனைவியின் குடும்பமான ஷாம்பேன் பிரபுவோடு லூயி போருக்குப் போனார். வீத்ரி என்ற ஊரில் தேவாலயத்துக்குள் அடைக்கலம் புகுந்த ஜனங்கள் தீயில் மாண்டார்கள். எண்ணிக்கை ஆயிரத்துக்கு மேல் என்பார்கள். லூயியின் மனச்சாட்சியை அது விடவேயில்லை. பின்னால் அவர் சிலுவைப் போருக்குப் புறப்பட்டதில் இந்தக் குற்ற உணர்வுக்கும் பங்கு உண்டு.

எலினோருக்கோ கவலை வேறு. ஏழு வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. 1144-இல் சான் தெனி தேவாலயத்தின் புதிய பகுதியைத் திறந்துவைத்த சமயத்தில் புகழ்பெற்ற துறவி பெர்னாரிடம் அவர் இதைச் சொல்லி வருந்தினார். அரசரைச் சமாதானத்தின் பக்கம் திருப்பு, உனக்காக நான் வேண்டுகிறேன் என்றார் பெர்னார். அடுத்த வருஷம் குழந்தை பிறந்தது. பெண். பெயர் மரி. அரண்மனை ஒரு மகனை எதிர்பார்த்துக் காத்திருந்தது.

அப்புறம் சிலுவைப் போர். 1147 ஜூனில் லூயியோடு எலினோரும் கிளம்பினார். அவரும் தோழிகளும் அமேசான் வீராங்கனைகள் வேஷத்தில் குதிரை ஏறிப் போனார்கள் என்ற கதைக்கு ஆதாரம் இல்லை. ஆனால் பயணம் கொடியது. ஆசியா மைனர் மலைகளில் 1148 ஜனவரியில் முன்படை தனியே முன்னால் போய்விட, பின்னால் வந்தவர்களைத் துருக்கியர் வெட்டிச் சாய்த்தார்கள். முன்படைக்குப் பொறுப்பாக இருந்தவர் எலினோரின் நாட்டைச் சேர்ந்த பிரபு. பழியின் ஒரு பங்கு அக்கித்தேன்காரர்கள் தலையில் விழுந்தது.

மார்ச் மாதம் அந்தியோக்கியா போய்ச் சேர்ந்தார்கள். அந்த நகரை ஆண்டவர் ரெய்மோன், எலினோரின் சித்தப்பா. அவர் அலெப்போமேல் படையெடுக்கச் சொன்னார். லூயி ஜெருசலேமுக்குப் போயே தீருவேன் என்றார். எலினோர் சித்தப்பா பக்கம். இருவரும் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது லூயிக்குச் சந்தேகத்தை மூட்டியது என்கிறார் சால்ஸ்பரி ஜான். நீங்கள் கேட்ட "நடத்தை" விவகாரம் முளைத்த இடம் இதுதான். ரெய்மோனோடு தகாத உறவு என்ற பேச்சு காலம் போகப் போகக் கனத்துக்கொண்டே வந்தது. அடுத்த நூற்றாண்டில் ஒருவர், எலினோர் முஸ்லிம் அரசர் சலாதீனோடு ஓடிப்போகப் பார்த்தார் என்றே கதை கட்டிவிட்டார். அந்தியோக்கியாவில் எலினோர் இருந்தபோது சலாதீனுக்குப் பத்துப் பதினோரு வயதுதான் இருக்கும்.

அந்தியோக்கியாவில் உண்மையில் கவனிக்க வேண்டியது எலினோர் சொன்ன வேறொரு வார்த்தை. லூயி அவரை வலுக்கட்டாயமாக அழைத்துப்போக முயன்றபோது, நீங்களும் நானும் விலக்கப்பட்ட உறவுமுறைக்குள் வருகிறோம், இந்தத் திருமணம் செல்லாது என்று அவர் பதில் சொன்னார். முறிவுப் பேச்சை முதலில் எடுத்தவர் மனைவி. அதுவும் சட்டம் தெரிந்து எடுத்தார். இரவோடு இரவாக அவரை அங்கிருந்து கொண்டுபோனார்கள். ஊரிலிருந்த சூஜே லூயிக்கு எழுதிய கடிதத்தில், அரசியின்மேல் மனத்தாங்கல் இருந்தாலும் நாடு திரும்பும்வரை அதை மனசுக்குள்ளேயே வைத்திருங்கள் என்று அறிவுரை சொல்லியிருந்தார்.

1149-இல் தனித்தனிக் கப்பலில் திரும்பினார்கள். ரோமுக்குப் பக்கத்தில் தஸ்குலம் என்ற ஊரில் போப் மூன்றாம் யூஜீனியஸ் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். இனி இந்த உறவுமுறை விஷயத்தை யாரும் வாயில் எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். தன்னுடைய விலையுயர்ந்த திரைச்சீலைகளால் அலங்கரித்த ஒரே கட்டிலில் இருவரையும் படுக்கவைத்தார். குடும்பத்துப் பெரியவர் செய்வதுபோல, உண்மையான அக்கறையோடு செய்த காரியம். 1150-இல் அதற்குப் பலனும் வந்தது: இன்னொரு பெண் குழந்தை, அலிஸ்.

இரண்டாவதும் பெண். லூயி மனம் தளர்ந்தார். 1151 ஜனவரியில் சூஜே இறந்தார். இந்தத் திருமணம் உடையக்கூடாது, அக்கித்தேன் கைவிட்டுப் போகக்கூடாது என்று தடுத்துக்கொண்டிருந்தவர் அவர்தான். அதன்பின் பேச்சு வேகமெடுத்தது.

1152 மார்ச் 21, போஜான்சி நகரில் ஆயர்கள் கூடினார்கள். தீர்ப்பில் நடத்தையைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. காரணம் உறவுமுறை, அவ்வளவுதான். நம் முறைக் கணக்கு இங்கே செல்லாது. அப்பா வழியா அம்மா வழியா என்ற பேதமில்லாமல் ஏழு தலைமுறைக்குள் எந்த இரத்த உறவும் கூடாது என்பது அன்றைய திருச்சபைச் சட்டம். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். பொது மூதாதை பிரான்ஸ் அரசர் இரண்டாம் ரோபேர். அவர் மகன் ஹென்றி, பேரன் பிலிப், கொள்ளுப்பேரன் ஆறாம் லூயி, அவர் மகன் நம் லூயி: நான்கு படி. இன்னொரு மகன் பர்கண்டி பிரபு ரோபேர், அவர் மகள் ஹில்டகார்ட், அவர் மகன் பாட்டுக் கட்டிய தாத்தா கியோம், அவர் மகன் பத்தாம் கியோம், அவர் மகள் எலினோர்: ஐந்து படி. ஏழுக்குள் வருகிறது, ஆகவே செல்லாது. அந்தக் கணக்கைக் கறாராகப் பார்த்தால் ஐரோப்பாவின் அரச குடும்பத் திருமணங்களில் பாதிக்குமேல் தேறாது. 15 வருஷமாக எல்லோருக்கும் தெரிந்திருந்த உறவு அது.

தீர்ப்பின்படி இரண்டு பெண்களும் முறையான வாரிசுகள். ஆனால் அப்பாவிடம் இருப்பார்கள். அக்கித்தேன் எலினோரிடம் திரும்பியது. நிலம் கிடைத்தது, பிள்ளைகள் கிடைக்கவில்லை. மரிக்கு ஏழு வயது, அலிஸுக்கு இரண்டுகூட நிறையவில்லை. தாய்க்கென்று உரிமை பேச அந்தச் சட்டத்தில் இடமே இல்லை. இந்த வரியைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துவிடும். வரலாற்றுக் குறிப்புகள் இதைப் பற்றி ஒன்றுமே பேசுவதில்லை.

சரி, இனி அந்த எட்டு வாரம். மார்ச் கடைசியில் எலினோர் போஜான்சியிலிருந்து தெற்கே புவாத்தியே நோக்கிக் கிளம்புகிறார். வயது முப்பதுக்குள். கணவன் இல்லை. கையில் பிரான்ஸ் அரசருடையதைவிடப் பெரிய நிலம். வழியில் பிளுவா ஊரில் இரவு தங்கியபோது அவ்வூர்ப் பிரபு தெபோ அவரைப் பிடித்துவைத்துக் கட்டாயத் திருமணம் செய்யத் திட்டமிட்டது தெரிந்து, இராவோடு இராவாகத் தப்பினார். அப்புறம் போர் த பில் என்ற ஆற்றுத்துறையில் இன்னொருவர் ஆள் வைத்துக் காத்திருந்தார்: ஜோஃப்ரே, ஹென்றியின் சொந்தத் தம்பி, வயது பதினேழைச் சுற்றி. முன்கூட்டித் தகவல் வந்ததால் எலினோர் வேறு வழியாகப் போய்விட்டார்.

ஒரே பயணத்தில் இரண்டு கடத்தல் முயற்சி. இந்த நிலைமையில் ஒரு வாரிசுப்பெண் எத்தனை நாள் தனியே இருக்க முடியும்? பலவந்தமாகத் தூக்கிப்போய்த் தாலி கட்டுவதுபோல மோதிரம் போட்டுவிட்டால், நிலம் அவனுடையது. அவர் முன்னால் இருந்த கேள்வி மணப்பதா வேண்டாமா என்பது அல்ல. தான் தேர்ந்தெடுப்பதா, இல்லை எவனோ ஒருவன் பிடித்துக்கொள்வதா என்பது. தவிர, மறுபடி அவருக்கு மாப்பிள்ளை பார்க்கும் உரிமை யாரிடம் போய்விட்டது? மேலாண்டையிடம். மேலாண்டை லூயி. எட்டு வாரம் அவசரம் என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் நிலையில் அது நீளமான காலம்.

புவாத்தியே சேர்ந்ததும் ஹென்றிக்கு ஆள் அனுப்பினார். நார்மண்டியின் பிரபு, அஞ்சு என்ற நாட்டின் கோமான், இங்கிலாந்து அரியணைக்கு உரிமை கோருகிறவர், வயது 19. முந்தைய வருஷம் ஆகஸ்டில் ஹென்றி தன் தந்தையோடு பாரிஸுக்கு வந்தபோது எலினோர் அவரைப் பார்த்திருக்கிறார். அந்தச் சந்திப்பில் மனம் போயிருக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வரைபடத்தைப் பாருங்கள்: அஞ்சு அப்படியே புவாத்தியே நாட்டின் வடக்கு எல்லையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அக்கித்தேனைக் காப்பாற்றும் பலமும், லூயியை எதிர்க்கும் துணிச்சலும், மணமாகாத நிலையும் ஒருசேர இருந்த ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான். 1152 மே 18, பெந்தெகொஸ்தே ஞாயிறு அன்று புவாத்தியேயில் ஆரவாரம் இல்லாமல் திருமணம் நடந்தது. லூயியிடம் அனுமதி கேட்கவில்லை. ஹென்றி, அஞ்சு குடும்ப வழியில், எலினோருக்கு லூயியைவிட ஒரு படி நெருங்கிய உறவு. அதை அப்போது யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் எலினோர் என்ன நினைத்தார் என்பதைக் காட்டும் ஒரு சாசனம் இருக்கிறது. திருமணம் ஆன சில நாளிலேயே சான் மெக்சான் மடத்துக்கு எழுதிக் கொடுத்தது. லூயியோடு இருந்த காலத்தில் அந்த மடத்துக்குத் தந்திருந்த ஒரு காட்டை, மணம் முறிந்ததும் திரும்ப எடுத்துக்கொண்டதாகவும், இப்போது தன் சொந்த விருப்பத்தால் புதிதாகத் தருவதாகவும் அதில் சொல்கிறார். காடு மடத்திடமேதான் இருக்கப்போகிறது. ஆனாலும் ஒருமுறை திரும்ப வாங்கிக்கொண்டு, பிறகு தன் பெயரில் கொடுக்கிறார். எலினோரைப் பற்றி எனக்குத் தெரிந்தவற்றில் இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை.

லூயி படை திரட்டினார், தோற்றார். தன்னை அக்கித்தேன் பிரபு என்று எழுதிக்கொள்வதை மட்டும் 1154 வரை விடவில்லை. அவர் கோபத்தில் நியாயமும் இருந்தது: எலினோருக்கு வேறு ஆண் வாரிசு இல்லாதவரை அக்கித்தேன் அவருடைய இரண்டு பெண்களுக்குத்தான் வர வேண்டும். 1153 ஆகஸ்டில் எலினோர் மகனைப் பெற்றார். கணக்கு அங்கே முடிந்துபோயிற்று.

1154 டிசம்பர் 19 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் ஹென்றியும் எலினோரும் முடிசூடினார்கள். 13 வருஷத்தில் எட்டுப் பிள்ளைகள்: ஐந்து ஆண், மூன்று பெண். மூத்தவன் மூன்று வயதை ஒட்டி இறந்தான். லூயி மூன்றாவது திருமணம் செய்து 1165-இல்தான் மகன் பிலிப்பைப் பெற்றார். இந்தக் குடும்பங்கள் பின்னிக்கொண்ட விதத்தைப் பார்த்தால் தலை சுற்றும். எலினோரின் மூத்த பெண் மரி ஷாம்பேன் பிரபுவுக்கு மனைவியானாள். இளைய பெண் அலிஸை மணந்தது யார் தெரியுமா? பிளுவா தெபோ, அவள் தாயைக் கடத்தப் பார்த்த அதே ஆள். லூயியின் மூன்றாவது மனைவி அந்த இரண்டு மருமகன்களின் தங்கை.

இரண்டாவது திருமணம் கெட்டது ஹென்றியின் காதலி ரோசமண்டால் என்பது பிரபலமான விளக்கம். எலினோர் அவளைக் கத்தியா விஷமா என்று கேட்டுக் கொன்றாராம். ரோசமண்ட் இறந்தது 1176 வாக்கில்; அப்போது எலினோர் சிறையில் இருந்தார். விஷக் கதை பல தலைமுறை கழித்து வந்தது. ஹென்றிக்குப் பல பெண்களோடு தொடர்பு இருந்தது உண்மைதான். ஆனால் எலினோர் ஆயுதம் எடுத்தது வேறொரு விஷயத்துக்காக என்று நினைக்கிறேன்.

1168-இல் அவர் புவாத்தியேக்குத் திரும்பி அக்கித்தேனை நேரில் ஆண்டார். அங்கேதான் அவர் காதல் வழக்குகளுக்குத் தீர்ப்புச் சொன்னார் என்பார்கள். அப்படியொரு நீதிமன்றம் நடந்ததற்கு ஆவணம் எதுவும் இல்லை. ஆவணம் சொல்வது அடுத்த பிரபுவைத் தயார் செய்ததைத்தான். இரண்டாவதாக உயிரோடு இருந்த மகன் ரிச்சர்டை 1172-இல் புவாத்தியேயிலும் லிமோஜிலும் பதவியில் அமர்த்தினார். லிமோஜில் அந்த ஊரின் காவல் புனிதையான வலேரியின் மோதிரத்தை ரிச்சர்டின் விரலில் போட்டார்கள். பிரபு அந்த நாட்டை மணக்கிறான் என்று பொருள்.

மறு வருஷம் பிப்ரவரியில் அதே லிமோஜில் ஹென்றி, துலூஸ் கோமானைத் தனக்கும் தன் மூத்த மகனுக்கும் பணிந்து வணங்க வைத்தார்; மேலாண்டையாக ஏற்றுக்கொள்வதற்கு அடையாளம் அது. துலூஸ் எலினோரின் பாட்டி வழிச் சொத்து. அக்கித்தேன் பிரபுக்கள் பல காலமாக உரிமை கோரிய இடம். அந்த வணக்கம் தன் வழியாக ரிச்சர்டுக்குத்தான் வந்திருக்க வேண்டும் என்பது எலினோரின் நியாயம். இங்கிலாந்து அரசர் கையில் அக்கித்தேன் இன்னொரு மாகாணமாக மாறிக்கொண்டிருந்தது. சில வாரத்திலேயே, கடைக்குட்டி ஜானைத் தவிர மற்ற மூன்று மகன்களும் தகப்பனுக்கு எதிராகக் கிளம்பினார்கள், தாயின் ஆதரவோடு. உதவி கொடுத்தது லூயி, முதல் கணவர். எலினோரே பாரிஸ் நோக்கிப் போகும் வழியில், ஆண் உடையில், ஹென்றியின் ஆட்களிடம் பிடிபட்டார்.

அடுத்த 15 வருஷம் காவலில். சால்ஸ்பரி, வின்செஸ்டர் என்று இங்கிலாந்துக் கோட்டைகளில். ஹென்றி மணமுறிவுக்கும் முயன்றார்; 1175-இல் வந்த போப்பின் தூதரிடம் பேசிப் பார்த்தார். ஏன் முடிக்கவில்லை? மணம் முறிந்தால் அக்கித்தேன் எலினோரோடு போய்விடும். லூயிக்கு நடந்ததை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். மனைவியாகவே வைத்து, பூட்டியும் வைத்தார். 1185-இல் ரிச்சர்ட் அடங்காதபோது ஹென்றி என்ன செய்தார் பாருங்கள்: எலினோரைக் காவலிலிருந்து நார்மண்டிக்கு வரவழைத்து, "நாட்டை உன் தாயிடம் ஒப்படை, அது அவளுடையது" என்று மகனுக்கு உத்தரவிட்டார். ரிச்சர்ட் மறுபேச்சில்லாமல் ஒப்படைத்தார். கைதியாக இருந்தபோதும் நிலம் அவருடையதே என்று சிறைவைத்தவரே ஒப்புக்கொண்ட தருணம் அது.

1189 ஜூலை 6-இல் ஹென்றி இறந்தார்; ரிச்சர்ட் அரசரானார். விடுதலை உத்தரவோடு வில்லியம் மார்ஷல் என்ற வீரர் வின்செஸ்டர் போய்ச் சேர்ந்தபோது எலினோர் ஏற்கெனவே வெளியே இருந்தார். அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, ஊர் ஊராகச் சிறைக்கதவுகளைத் திறக்கச் சொன்னது. அடைபட்டுக் கிடப்பது மனிதர்களுக்கு எவ்வளவு வெறுப்பானது, வெளியே வருவது எவ்வளவு இன்பமானது என்பதை அனுபவத்தில் அறிந்ததாக அவர் சொன்னார் என்று ஹவ்டன் ரோஜர் என்ற வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார்.

அப்போது அவருக்கு 65-ஐ ஒட்டிய வயது. அவருடைய மிகப் பெரிய வேலைகள் இதற்குப் பிறகுதான் வருகின்றன. ரிச்சர்டுக்கு நிச்சயித்த பெண் பெரங்காரியாவைக் கூட்டிக்கொண்டு குளிர்காலத்தில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி சிசிலி போனார். ரிச்சர்ட் ஆஸ்திரியாவில் பிடிபட்டு ஜெர்மனியில் சிறையிருந்தபோது அவரை விடுவிக்கக் கேட்ட பணம் 1,50,000 மார்க் வெள்ளி. அதில் பெரும்பங்கைத் திரட்டி, தானே கொண்டுபோய், 1194 பிப்ரவரியில் மகனை மீட்டுவந்தார். 1199-இல் ரிச்சர்ட் இறந்ததும் எலினோர் தூர் நகரத்துக்குப் போய், பிரான்ஸ் அரசர் பிலிப்பின் முன் மண்டியிட்டுத் தன் நிலத்துக்காகத் தானே வணக்கம் செலுத்தினார். முன்னாள் கணவரின் மகன்முன். அவமானமாகப் படலாம், சட்டப்படி பார்த்தால் அருமையான காய்நகர்த்தல். அக்கித்தேனுக்கு உரியவர் தானே என்று பிலிப்பை ஏற்கவைத்துவிட்டு, பிறகு கடைசி மகன் ஜானைத் தன் வாரிசாக்கினார். ஜானிடமிருந்து நேரடியாகப் பறிக்கப் பிலிப்புக்கு அந்த நேரத்தில் வழி இல்லாமல் போயிற்று.

அடுத்த வருஷம் இன்னொரு கல்யாண வேலை. ஜானுக்கும் பிலிப்புக்கும் சமாதானம். அதை உறுதிசெய்ய பிலிப்பின் மகனுக்கு ஜானின் அக்கா மகள் ஒருத்தியைக் கொடுப்பது என்று பேச்சு. பெண்கள் இருந்தது ஸ்பெயினில், காஸ்டில் அரசியான மகள் வீட்டில். 75 வயதைத் தாண்டிய எலினோர் குளிர்காலத்தில் பிரனீஸ் தாண்டிப் போய், பேத்திகளைப் பார்த்து, மூத்தவளை விட்டு இளையவள் பிளாங்காவைத் தேர்ந்தெடுத்து அழைத்துவந்தார். களைப்பு மிகுந்துவிட்டதால் ஃபோன்தெவ்ரோ மடத்தில் தங்கிவிட்டார். பேத்தியை போர்தோ பேராயர் மேற்கொண்டு கூட்டிப்போனார். 1200 மே 23-இல் நார்மண்டி எல்லையில் கல்யாணம். பிலிப் தன் மனைவியை விலக்கிய தகராறில் போப் பிரான்ஸ் முழுவதும் வழிபாடுகளுக்குத் தடை போட்டிருந்ததால், சொந்த நாட்டில் மகனுக்குக் கல்யாணம் நடத்த முடியாமல் எல்லையைத் தாண்டி நடத்தினார்கள்.

அந்த பிளாங்காவின் மகன்தான் ஒன்பதாம் லூயி, பின்னாளில் புனிதர் பட்டம் பெற்ற அரசர். தாய் வழியில் எலினோருக்குக் கொள்ளுப்பேரன். தந்தை வழியில் ஏழாம் லூயிக்குக் கொள்ளுப்பேரன். போஜான்சியில் பிரிந்த இருவரும் சேர்ந்து பெற முடியாமல் போன ஆண் வாரிசு, மூன்று தலைமுறை சுற்றி வந்து பிறந்தான்.

எலினோர் 1204-இல், மார்ச் கடைசி நாளிலோ ஏப்ரல் முதல் நாளிலோ காலமானார். எண்பது வயது இருக்கும். பெற்ற பத்துப் பிள்ளைகளில் எட்டுப் பேர் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். ஃபோன்தெவ்ரோ தேவாலயத்தில் ஹென்றியும் ரிச்சர்டும் இருக்கும் இடத்திலேயே அவரையும் வைத்தார்கள். கல்லில் செதுக்கி வண்ணம் பூசிய உருவங்கள் இன்றும் இருக்கின்றன. ஹென்றி முடியோடும் செங்கோலோடும், இறந்து கிடத்திய அரசராக நீட்டிப் படுத்திருக்கிறார். பக்கத்தில் எலினோர், தலையணையில் சாய்ந்து, இரண்டு கையிலும் ஒரு புத்தகத்தை விரித்துப் பிடித்திருக்கிறார்.